ஒரு டிஸ்க் போனால் ஒன்றும் ஆகாது

அக்கா, இங்கே ஒருவழியாக வெயில் வந்துவிட்டது. துவைத்த துணி ஒரே நாளில் காய்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. டைப் அடிக்கச் சோம்பல், பேசித்தான் அனுப்புகிறேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

"உன்கூட வேலை பாக்குற அண்ணனைப் போலீஸ்ல பிடிச்சு வச்சிருக்காங்களாமே, நீ எதுவும் பண்ணலையேடா?" என்று நேற்று கேட்டாய். "சேச்சே" என்றேன். முழுதாகக் கேட்டால் உனக்கே புரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு குளிர் அறை, அதில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் தகவல் சேமிக்கும் ஆறு டிஸ்க். ஆறையும் சேர்த்துக் கட்டி ஒரே டிரைவாக வைத்திருக்கிறோம். நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற ஐந்தும் அதன் பங்கைச் சுமக்கும். நம் சித்தப்பாக்கள் மாதிரி இல்லை. சரிசெய்து சேர்த்துவிட்டால் ஒன்பது மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

மேனேஜர் ஒரு நாள், "எல்லாம் தானா ஓடுதேப்பா, உனக்கு எதுக்கு இன்னொரு வருஷம்?" என்றார். வேலை போனால் விசாவும் போகும். அடுத்த வாரமே கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்து ஒரு டிஸ்க்கை ஓரங்கட்டினேன். அலாரம் கத்தியது. ஓடினேன், சரிசெய்தேன். மேனேஜர் முதுகில் தட்டினார். யாருக்கு என்ன நஷ்டம்? மாதம் ஒருமுறை அப்படியே செய்தேன்.

என் பாஸ்வேர்டுக்கு அந்த அனுமதி கிடையாது. அண்ணனுடையதுதான் என்னிடம் இருந்தது. கூடப் பிறக்காவிட்டாலும் நான்கு மாதம் தன் வீட்டு ஹாலில் படுக்கவைத்து, இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர் அல்லவா. "அவசரத்துக்கு வச்சுக்கோடா" என்று முதல் வாரமே கொடுத்துவிட்டார். கொஞ்சம் பயந்த சுபாவம். "ஆறும் ஒரே நாள்ல வாங்கினதுடா. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் மூச்சு வாங்கிட்டிருக்கும். அதுங்களோட விளையாடாத" என்பார். சரிண்ணே என்பேன்.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் டிஸ்க்கை ஓரங்கட்டி, உடனே திரும்பச் சேர்த்தேன். அது மீண்டு முடிவதற்குள், பன்னிரண்டு மணிக்கு, ஐந்தாவது தானாகவே செத்தது. ஒரே நேரத்தில் இரண்டு இல்லை, டிரைவே காணோம். வேறிடத்தில் இருந்த நகலை எடுத்து வைக்கச் சாயங்காலம் ஆனது.

மூன்றாம் மாடியில் ஒரு பெண்மணி, நினைவில்லாமல் கிடந்தார். அவருக்கு எந்த மருந்து ஆகாது என்பது அந்த டிரைவில்தான் இருந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார், காலி. ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டாக்டர் அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

டிஸ்க்கை ஓரங்கட்டியது யார் என்று கம்ப்யூட்டர் பதிவுகளைத் தோண்டினார்கள். ஐந்து முறையும் அண்ணன் பெயர். என்னையும் கூப்பிட்டு அவரைப் பற்றிக் கேட்டார்கள். "ரொம்ப நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லையே.

அவர் நாற்காலி இப்போது எனக்கு. வேலையும் நிரந்தரம். வாராவாரம் அவர் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிப் போகிறேன். "நீ ஒருத்தன்தாண்டா எங்களைக் கைவிடல" என்று அண்ணி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

புதுப் பெட்டி வந்திருக்கிறது அக்கா. இதில் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும், இனி யாருக்கும் பயமில்லை. போன வாரம் ஒன்றை ஓரங்கட்டிப் பார்த்தேன், சும்மாதான். மேனேஜர் தன் பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார். அவரும் ரொம்ப நல்ல மனுஷன்.