மொட்டை வரிசையும் மினுங்கியது

"ஹலோ... ஆமா மாமா, நான்தான். செல் அறையிலதான் இருக்கேன்... ஆமா, ஆமா, பார்த்தேன். வந்தவங்களுக்குக் காட்ட நீங்க அனுப்பின படத்தைத்தான்."

கையுறையோடு ஃபோனைத் தொடக்கூடாது என்பதால் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தாள் அவள். அம்மாவின் தம்பி நடத்தும் சின்ன மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் செல்களை, அதாவது உயிரணுக்களை, வளர்த்து மருந்தைச் சோதிப்பது அவள் வேலை. மாமா இருப்பது நகரத்தின் மறுகோடி அலுவலகத்தில். அவருடைய புது ஆஸ்துமா மருந்தை வாங்க, ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசி வரிசை எங்க மாமா?... நான் பிளேட்டுல நாலு வரிசைக்கு ரிசல்ட் குடுத்தேன். படத்துல மூணுதான் இருக்கு... இடம் பத்தலையா? அவ்ளோ பெரிய திரையில?... மொட்டைதானேன்னா? மொட்டைதான் மாமா விஷயமே!"

ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்த ஆய்வகத்தில் மொட்டை என்று பெயர். செல்லின் மேல்தோலில் அழைப்புமணி போல நிற்கும் ஏற்பியை மருந்து பிடித்தால், அது உள்ளே இருக்கும் ஜி புரதத்தை உசுப்பும். ஜி புரதம் சேதியை மேலும் உள்ளே கடத்தும். செல்களை வரிசையாகக் குழிகளில் இட்ட பிளேட்டில், அந்தக் குழி மினுங்கும். ஏற்பியே இல்லாத மொட்டை மினுங்கக்கூடாது. மினுங்கிவிட்டது.

"மூச்சுக்குழாய் ஏற்பியை மட்டும் பிடிக்கும்னு சொல்லி விக்கிறீங்க. அது இல்லாத செல்லும் மினுங்குதுன்னா? உங்க மருந்து வாசல்ல நின்னு மணி அடிக்கல, சுவர் ஏறிக் குதிக்குது. எந்த வீட்டுக்குள்ளயும் குதிக்கும். நெஞ்சுக்குள்ளயும்... இருங்க, நான் முடிச்சுக்கறேன்... தெரியும், தெரியும். உலகத்துல விக்கிற மருந்துல மூணுல ஒரு பங்கு இந்த ஜி புரத வகை ஏற்பியிலதான் வேலை செய்யுது. எத்தனை தடவை இதே பாட்டு? அதெல்லாம் நிஜமாப் பிடிக்குது மாமா. உங்களது பிடிக்கல."

அவர் குழையத் தொடங்கினார். அவள் முகம் கோணியது.

"என்னது?... நான் வீடியோவுல அவங்க முன்னாடி வந்து, மொட்டை வரிசை சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லணுமா? ச்சீ!... கோபம் இல்ல, அருவருப்பு. பூஞ்சை பிடிச்ச பிளேட்டைத் திறந்தா ஒரு வாடை வருமே, அது ஃபோன் வழியா வருது... பாப்பான்னு கூப்பிடாதீங்க. காரியம் ஆகணும்னாதான் நான் உங்களுக்குப் பாப்பா... மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாதா? எப்படித் தெரியும்? எலிக்கே நாம இன்னும்... எடுத்துப் பார்த்த ஆளே இருக்காங்களா? யாரு?"

ஒரே வார்த்தையில் பதில் வந்தது. தோள் தளர்ந்து, சரிந்த ஃபோனைக் கையுறையோடேயே பிடித்தாள்.

"அத்தையா?... வழக்கமா இழுக்கிற மருந்தை நிறுத்திட்டு இதையா குடுத்தீங்க?... அங்கயா இருக்காங்க? வந்தவங்ககிட்டக் காட்டவா? கட்டின பொண்டாட்டியை ஜவுளிக்கடை பொம்மை மாதிரி உட்கார வச்சு... வாயை மூடுங்க மாமா. ஃபோனை அத்தைகிட்ட குடுங்க. குடுங்கன்னு சொல்றேன்ல!"

மூச்சை இழுத்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அத்தை... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். உங்களைச் சொல்லுங்க... மூச்சு லேசா இருக்கா? சரி. நெஞ்சு?... தாடைக்குக் கீழ ரெண்டு விரல் வைங்க. துடிக்குதா? அது எப்படித் துடிக்குதோ அப்படியே நாக்கால தட்டிக் காட்டுங்க."

அத்தை தட்டிக் காட்டினாள். தையல் மிஷின் ஓடுவது போல இருந்தது. நடுவே ஒன்று தவறியது, மறுபடி ஓடியது.

"போதும் அத்தை... மாமாகிட்ட சொல்லலையா? ஏன்?... நீங்களாவே கேட்டு வாங்கினீங்களா! அவர் இதுக்காகத் தேய்ஞ்சது போதாதுன்னு நீங்களும் தேயணுமா?... அவங்க கிளம்புற வரைக்கும் சொல்ல மாட்டீங்களா? உங்க நெஞ்சு அவங்க கிளம்புற நேரம் பார்த்தா ஓடுது? இருங்க, வைக்காதீங்க."

கையுறைகளை உரித்தெறிந்து மேஜை ஃபோனை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸா? ஆஸ்துமா இருக்கிற அம்மா, நெஞ்சு தாறுமாறா துடிக்குது... மருந்தா? எடுத்திருக்காங்க. அதுக்கு இன்னும் பேரே வைக்கல..."

முகவரியைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது மறுமுனையில் அத்தை இல்லை.

"மாமா? ஃபோனைப் பிடுங்கிட்டீங்களா?... ஆம்புலன்ஸ் பின்வாசலுக்கு வரணுமா? முடியாது. முன்வாசல்தான்... கேளுங்க. நான் வந்து சேர நேரமாகும். அதுக்குள்ள டாக்டர் பார்ப்பார். ஆஸ்துமா மருந்து, ஏற்பியைத்தான் பிடிச்சிருக்கும்னு நினைச்சு, அதை அடைக்கிற மருந்தைக் குடுத்துட்டார்னா? உங்களது அந்த வழியாவே போகல. நெஞ்சும் அடங்காது, இருக்கிற மூச்சும் அடைச்சுக்கும். மொட்டை மினுங்கினதை நீங்கதான் சொல்லணும்... டாக்டர்கிட்ட போனதும் சொல்றேன்னா? அப்ப நாக்கு ஒட்டிக்கும், எனக்குத் தெரியும். இப்பவே சொல்லுங்க... அவங்க இருந்தா இருக்கட்டும்... ம்... வாயில என்ன, பஞ்சா? கேட்கல... அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க... இன்னும் சத்தமா மாமா..."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ம். இப்பக் கேட்டுச்சு. அங்க எல்லாரும் நாற்காலியைப் பின்னால தள்ளுற சத்தமும் கேட்டுச்சு. அத்தை கையை விடாதீங்க. வர்றேன்."

வைத்துவிட்டாள்.