இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்க

— ரன்வேல நாய் வந்துச்சுங்க தம்பி. அதான் எறங்க வேணாம்னுட்டேன்.

— நாயா? அண்ணி, இது கம்ப்யூட்டர்ல ஓடுற பிளேன். சேலம் ஏர்போர்ட்டும் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்குது. அதுல நாய் எங்கிருந்துங்க வரும்?

— ஏன், உங்க பிளேன் வரலாம், நாய் வரக் கூடாதா?

— மாதாவே. சிரிப்பு காட்டாதீங்க அண்ணி, இது டெஸ்ட். பைலட்டும் நான்தான், மார்க் போடறவனும் நான்தான். எறங்கலாமான்னு கேட்டேன். காத்து இல்ல, மழை இல்ல, வேற ஒரு பிளேன் இல்ல. எறங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க பாஸ். இன்னொரு சுத்து சுத்திட்டு வாங்கன்னுட்டீங்க.

— அதுக்கென்ன இப்ப. சுத்துனா பெட்ரோலா தீந்துபோவுது?

— மொத டெஸ்ட்லயும் இதேதான். கேட்டா வூட்ல கரண்டு போயிருச்சுன்னீங்க. ரெண்டாவது டெஸ்ட்ல கொக்கு பறந்துச்சுன்னீங்க. இன்னிக்கு நாய்.

— கொக்கு நெசமாவே பறந்துச்சுங்க. எங்கூட்டு ஜன்னல் பக்கமா.

— காரிமங்கலத்துல கொக்கு பறந்தா சேலத்துல பிளேன் எறங்கக் கூடாதுங்களா?

— சரி, நான் மக்கு. எழுதிக்கங்க.

— நீங்க மக்கு இல்ல அண்ணி. அதான் எனக்குக் கோவமே. மழைல ஒரே சமயத்துல மூணு பிளேன் வந்தப்பகூட வரிசை கட்டி நிறுத்துனீங்க. அதுல ஒரு பைலட்டு, அந்த மலேசியாக்காரரு பேசற இங்கிலீஷு எனக்கே புரியாது, உங்களுக்குப் புரிஞ்சுது. கடைசி வார்த்தைக்கு வந்தாத்தான் நாக்கு ஒட்டிக்குது.

— லைப்ரரில வேலை பாக்கறவளுக்கு என்ன இங்கிலீஷுங்க தெரியும்.

— அண்ணா சொல்லியிருக்காரு. அங்க வர்ற பொஸ்தகம் பூரா மொதல்ல எம்பொண்டாட்டி படிச்சு முடிச்சாத்தான் அலமாரிக்குப் போவும்னு.

— அப்படியா சொன்னாரு? வேற என்ன சொன்னாரு?

— ஓகேங்களா, சொல்லட்டுங்களா? 'இதைப் பைத்தியக்காரத்தனம்னு எம்பொண்டாட்டி மதி சொல்லுது கஸ்பார்'ம்பாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு.

— ஆமா, சொன்னேன். பின்ன? ஊர் ஊரா ஆளுங்க அவங்கவங்க வூட்ல ஒக்காந்துக்கிட்டு வெளாட்டு பிளேன் ஓட்டறாங்க. இவரு இங்க சேலம் டவருன்னு ஒக்காந்துக்கிட்டு அவங்களை ஒவ்வொருத்தரா எறக்கி விடறாரு. சம்பளம் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆபீஸ் விட்டு வந்தா சட்டைகூட மாத்த மாட்டாரு, ஹெட்போனை மாட்டிக்குவாரு. இல்லாத பிளேனுக்கு இத்தனை மருவாதையா, இருக்கற பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் காது கேக்காதான்னு திட்டுவேன். இப்ப அதே ஹெட்போன் எங்காதுல இருக்குது பாருங்க.

— நானும் சேரணும் தம்பின்னு நீங்க போன் பண்ண அன்னிக்கு நான் அழுதுட்டேங்க அண்ணி. நாலு வருசம் அண்ணாகூட பேசியிருக்கேன், ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல. நான் ஓசூரு, அவரு காரிமங்கலம். எவ்ளோ தூரம்? பஸ் ஏறுனா வந்துரலாம். குரலே போதும்னு இருந்துட்டோம். சாவுக்கு வந்துதான் மொகத்தைப் பாத்தேன்.

— எங்க பாத்தீங்க. கட்டுப் போட்டு மூடியிருந்துச்சே.

— ஆமாங்க.

— நானும் அவ்ளோதான் பாத்தேன்.

— அன்னிக்கு எதுக்கு சேலம் போனாருன்னு நான் கேக்கவே இல்ல.

— எதுக்குப் போவாரு, நெச பிளேன் பாக்கத்தான். இத்தனை பிளேனை எறக்கி விட்டிருக்கேன், ஒண்ணையாவது கண்ணால பாக்க வேணாமான்னாரு. போங்க, போயி அதோடயே குடும்பம் நடத்துங்கன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் வெயில்ல நின்னு பாத்திருக்காரு. அங்கிருந்து போன். சின்னப் புள்ளையாட்டம் கத்தறாரு. 'எறங்கிருச்சு மதி! அழகா எறங்கிருச்சு! வண்டிய எடுத்துட்டேன், வந்துர்றேன்'னாரு. தொப்பூர் கணவாயத் தாண்டல, அங்கயே ஆக்சிடெண்டு.

— அண்ணி, நான் இதைக் கேட்டிருக்கக் கூடாது.

— கேளுங்க. யாரும் கேக்கறதில்ல. கேட்டா அழுவேன்னு பயந்துக்கிட்டு மழை பெஞ்சுதா, தக்காளி என்ன வெலைன்னு பேசறாங்க. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மூணு தடவை ஃபெயிலானா சீட்டை அடுத்தவங்களுக்கு விடணும்ங்க. குரூப் ஆரம்பிச்சப்ப எல்லாரும் சேந்து வெச்ச விதி. அரூர்ல ஜெனிஷான்னு ஒரு நர்ஸ் பொண்ணு சேலம் டவர் வேணும்னு காத்துக்கிட்டிருக்குது.

— அப்ப நான் இனி ஒக்கார முடியாதா?

— முடியாதுங்க.

— பாஸானா?

— பாஸானா டவரு உங்களுது. யாரும் பக்கத்துல நிக்க மாட்டாங்க. உங்க குரல்லயே வரவேற்பு ரெக்கார்ட் பண்ணிப் போட்டுரலாம்.

— அதான்.

— எதுங்க அண்ணி?

— அதான் தம்பி விசயம். இப்ப அவரு குரல்தானே ஓடுது.

— ஆமா. டவரைத் தொறந்து வெச்சிருந்தா, வர்ற பைலட்டு காதுல மொதல்ல அந்த வரவேற்புதான் விழும். கத்துக்கிட்டிருக்கறவங்களுக்கு சொந்தக் குரல்ல வரவேற்பு கெடையாது, அதனால பழசே... அய்யோ அண்ணி. இதுக்காகவா வேணும்னே ஃபெயிலாவறீங்க?

— நாய் வந்துச்சுன்னு சொன்னேன்ல.

— அந்த ஃபைலை இப்பவே அனுப்பறேங்க. காலத்துக்கும் உங்க போன்ல இருக்கட்டும்.

— போன்ல இருக்குதுங்க. போட்டாப் பேசுவாரு, நிறுத்துனா நின்னுருவாரு. அது செத்தவரு குரலு. இங்க அப்படியில்ல தம்பி. எங்கிருந்தோ ஒருத்தரு வர்றாங்க. இவரு குட் ஈவ்னிங் சொல்றாரு. அவங்களும் திரும்ப குட் ஈவ்னிங் சொல்றாங்க. அவருக்குப் பதிலு வருதுங்க. ஒலகத்துல வேற எங்க அவருக்குப் பதிலு வருது, சொல்லுங்க பாக்கலாம்?

— நானும்தான் திரும்ப குட் ஈவ்னிங் சொல்லியிருக்கேங்க.

— போன வாரம் அந்த மலேசியாக்காரரு வரவேற்பைக் கேட்டுட்டு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டைப் பண்ணாரு. 'இளம்பரிதி, உங்க குரலைக் கேட்டு எவ்ளோ நாளாச்சு, நல்லாருக்கீங்களா'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நல்லாருக்கேன்னு டைப் பண்ணேன்.

— அண்ணி...

— 'உங்க வொய்ஃப் எப்படியிருக்காங்க'ன்னாரு. அதுக்குத்தான் என்ன டைப் பண்றதுன்னு தெரியல.

— அழுவாதீங்க அண்ணி. நான் வேணா குரூப்ல மேல இருக்கறவங்ககிட்ட கேட்டுப் பாக்கறேன்.

— வேணாம். யாருகிட்டயும் போயி நிக்காதீங்க. ஃபெயிலானா அந்த நர்ஸ் பொண்ணு குரலு. பாஸானா எங்குரலு. எப்படிப் பாத்தாலும் இவரு போயிடறாரு. அப்படித்தானே?

— அப்படித்தாங்க.

— ம்.

— அந்த ரெக்கார்டை வெச்சு நான் அண்ணாகூட சண்டை போட்டிருக்கேங்க. கடைசில வூட்டுப் பேச்சு என்னமோ சேந்து விழுந்துருச்சு, அதை வெட்டிருங்கண்ணான்னு. 'இருக்கட்டும் கஸ்பார், தமிழ் தெரியாதவங்களுக்கு என்ன புரியப்போவுது'ன்னுட்டாரு. எத்தனை தடவை சொல்லியும் வெட்டவே இல்ல.

— அது என்ன பேச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?

— இல்லைங்க. பாதில நான் குறுக்க பேசிருவேன். பேசுனா ரெக்கார்டு நின்னுரும். முழுசா ஒரு நாளும் கேட்டதில்ல.

— இன்னும் மார்க் போட்டுடலையே?

— போடல. கை வரல.

— அப்ப டெஸ்ட் முடியல. உங்க பிளேனு இப்ப எங்க இருக்குது?

— மேலதாங்க. நீங்க சுத்தச் சொன்னீங்க, நானும் மேட்டூர் டேமைச் சுத்திக்கிட்டே உங்ககூட பேசிக்கிட்டிருக்கேன்.

— பாவம். லைனைக் கட் பண்ணிட்டுப் புதுசா வாங்க. அவரு பேசுவாரு. குறுக்க பேசாதீங்க, முழுசா கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தரும் ஒருக்கா கேட்டாப் போதும். கேட்டு முடிச்சதும் எறங்கலாமான்னு கேளுங்க. இந்த வாட்டி எறக்கிடறேன்.

— நெசமாவாங்க?

— எறக்கிடறேன் தம்பி. சுத்தவிட்டுக்கிட்டே எத்தனை நாளைக்கு இருக்கறது.

— அப்புறம் நாய் வந்துச்சும்பீங்க.

— நாயைக் கட்டிப் போட்டுட்டேன். இருங்க, ஹெட்போனைச் சரியா மாட்டிக்கறேன். ம். வாங்க.

— வர்றேங்க அண்ணி. சேலம் டவர், கஸ்பார் பேசறேன். வந்துட்டேன்.

— குட் ஈவ்னிங். வெல்கம் டு சேலம் டவர். இளம்பரிதி ஸ்பீக்கிங். ப்ளீஸ் ஸ்டாண்ட் பை. கேக்குது, கேக்குது, கத்தாத. தட்டை எடுத்து வை மதி. இந்தப் பிளேனு எறங்கட்டும், வந்துர்றேன்.