பால் ஊற்றிப் புதைத்த டால்பின்

பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கையில் தோல் உரிந்துபோனதால், அந்த வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். கடலூர் வந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு மீனவர்கள். இளையவர் கேட்டார்:

“டால்பினுக்கா பால் ஊத்திப் பொதைச்ச மாமா?”

“அதுவும் உசுருதான மச்சான். செத்து கரை ஒதுங்கிக் கெடந்துச்சு.”

“உன் வலையில மாட்டிச் செத்துச்சாம். கேஸுக்குப் பயந்து மறைச்சிட்டியாம். ஊரே பேசுது.”

“நான் ஒரு வாரமா கடலுக்கே போவல.”

“யாரு நம்புவா? ஆராய்ச்சி பண்ற மேடம் நாளைக்குக் காலைல வராங்க. அறுத்துப் பாத்தா நோயில செத்துச்சா, வலையில செத்துச்சான்னு சொல்லிடுவாங்களாம். நோயின்னா மத்த டால்பினுங்களுக்கும் வந்திருக்கான்னு பாப்பாங்களாம். நீ தோண்டிக் குடு, போதும்.”

“பால் ஊத்தின கையால தோண்ட மாட்டேன்.”

“அப்ப ஜெயிலுக்குப் போ.”

“நீ தோண்டேன்.”

“எனக்கு வாந்தி வரும்.”

“மீன் வெட்டுறவனுக்கு வாந்தியா?”

“பொதைச்சு நாலு நாள் ஆச்சு மாமா!”



“வெளியாள் யாராச்சும் தோண்டினா எனக்கு ஒண்ணுமில்ல” என்றார் மாமா.

“ஜாஸ்தி கூலி குடுத்தாலும் எவன் வருவான்?”

புதுச்சத்திரத்தில் அவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

மறுநாள் காலை மேடம் பக்கத்தில் நிற்க, நான்தான் தோண்டினேன். மாமா தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.