உலகத்தைத் துறந்த வெப்சைட்

"உலகமே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் மச்சான்."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டு இளைஞர், பக்கத்திலிருந்த கொத்தனார் மச்சானிடம் சொன்னார். துறவியாகப் போகிறாராக்கும் என்று நினைத்து, நான் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். விஷயம் அவருடைய வெப்சைட்.

"அத்தரு, வெங்காயம்னு உலகத்துக்கே வித்துப் பாத்தேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இனிமே நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டுந்தான்."

"அவங்கள்ல பாதிப் பேரு துபாய்லல்ல இருக்காங்க?"

"அதுலயும், இங்க வூடு கட்டுறவங்க மட்டும். வாரா வாரம் கட்டடத்தைப் போட்டோ புடிச்சு ஏத்துறேன். அங்கேருந்தே பாத்துக்குவாங்க."

"இதுக்கா சவுதி விசாவ வேணாங்குற? ஒன் வாப்பா சும்மா வுடுவாரா?"

"பதினாலு வூடு சேந்துடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்."

மச்சான் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, முந்தாநேத்து நான் கட்டுற வூட்டு ஓனரு துபாய்லேருந்து போன் பண்ணி, அடுப்படிக்கு ஜன்னல் எங்கன்னு கத்துனாரு. அவரு வூட்டம்மா சொல்லிருக்கும்னு நெனச்சேன். நீதானா?"

"அவருதான் மச்சான் பதினாலாவது."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வந்தது. மச்சான் எழுந்தார்.

"விசா ஏஜென்ட்டுகிட்ட போயி பாஸ்போர்ட்டத் திருப்பி வாங்கிக்க. வாப்பாகிட்ட நான் பேசுறேன். நாளைக்குச் செவுத்த ஒடச்சு ஜன்னல் வச்சுடுறேன், மொத வேலையா வந்து போட்டோ எடு."