பதினொன்றரை மில்லிமீட்டர்

யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் சாய்ந்திருக்கும் கடிகாரத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். "அண்ணன் வந்தாச்சு, இனி கடிகாரத்துக்கு வைத்தியம் நடக்கும்" என்று என் தங்கை கிண்டல் செய்வாள். இப்போது செய்வதில்லை. அவள் புருஷன் உலைக் கொட்டகையில் செத்துப்போய் நான்கு மாதம் ஆகிறது.

நீங்கள் விசாரணை அதிகாரி. எங்கள் தொழில் உங்களுக்குப் பழக்கமில்லை, அதனால் எளிதாகவே சொல்கிறேன். சூரியன் செய்கிற வேலையை ஒரு கொட்டகைக்குள் செய்து மின்சாரம் எடுக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குத்தான் இந்த அணு இணைவு உலை. அதன் எஃகுக் கூடு ஒன்பது துண்டுகள், ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி. ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரம். எல்லாவற்றையும் சேர்த்து வட்டமாக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் எஃகு கோணிக்கொள்ளும். எவ்வளவு கோணியது என்று லேசர் கருவியால் அளந்து சொல்பவன் நான். மூன்று மில்லிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு. பதினெட்டு வருடத்தில் என் அளவை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. அவ்வளவு மரியாதை.

ஐந்தாவது சுளைக்கு வருவோம். வெல்டிங் முடிந்ததும், எஃகை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளைக் கழற்றி, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு அளப்பதுதான் முறை. கிளாம்ப் பிடித்திருக்கும்வரை எஃகு, வாத்தியார் பக்கத்தில் நிற்கும் பையன் மாதிரி ஒழுங்காகத்தான் இருக்கும். அன்று இயக்குநர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "முடிஞ்சிடுச்சா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். முடியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். கிளாம்ப்போடு அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர். கையெழுத்துப் போட்டேன். கைகூடத் தட்டினார்கள்.

கவனித்தது ஒரே ஒருவர்தான், ஃபிட்டராக இருந்த என் தங்கை புருஷன். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய கெட்ட பழக்கம் அவருக்கும் இருந்தது, கேள்வி கேட்பது. சுளையை அதன் இடத்தில் இறக்கிய பிறகு என்னிடம் வந்தார்.

"மச்சான், கீழ விளிம்புல என் விரலே போகுது. மேல ஒரு தகடுகூடப் போகல. நீங்க அன்னைக்கு கிளாம்ப் கழட்டாமத்தானே அளந்தீங்க?"

"பாக்குறேன் மாப்பிள்ளை. வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட கேக்காம எப்படிச் சொல்லுவேன்? நீங்களே பாத்துச் சரிபண்ணிடுங்க. இல்லன்னா திங்கக்கிழமை நான் எழுதிக் குடுத்துடுறேன். உள்ள நிக்கப்போறது நம்ம ஆளுங்களாச்சே."

எவ்வளவு பண்பு பாருங்கள். எனக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்று மாலையே அளந்தேன். இருநூறு புள்ளிகள். பதினொன்றரை மில்லிமீட்டர். கணினியில் ஒரு வசதி உண்டு. எந்தப் புள்ளிகளை நம்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். முரண்டு பிடித்த ஒன்பது புள்ளிகளை ஒதுக்கி வைத்தேன். அழிக்கவில்லை. விசேஷத்துக்கு அழைக்காத சொந்தக்காரர்கள் மாதிரி அவை இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. மீதிப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து இரண்டரை என்றன.

இவ்வளவு கோணிய சுளையை ஜாக்கி போட்டு இழுத்துச் சேர்த்தால், இழுபட்ட எஃகு சும்மா இருக்காது. எங்கே தெறிக்கும் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கத்துக் கீழ்த் தாங்கி.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், அளந்தவன் தன் வாயால் "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் சுளைகளுக்கு நடுவே ஆட்கள் போவார்கள். சனிக்கிழமை காலை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கா மச்சான்?"

"ரெண்டரைதான். நீங்க சொன்னதுக்காக மறுபடி அளந்தேன்."

"அப்பாடா. ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, தாராளமாப் போங்க மாப்பிள்ளை. அந்த இடது கீழ்த் தாங்கிகிட்ட நின்னு பாருங்க. அங்கதான் நல்லாத் தெரியும்."

மூன்றாவது ஜாக்கியை ஏற்றும்போது தெறித்தது. மற்ற இருவருக்குக் காயத்தோடு போயிற்று. முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கியவன் நான்தான், கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சொல்வார்கள். தங்கைக்குப் போன் செய்ததும் நான்தான். "அண்ணே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருந்தேன் என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அது நடிப்பில்லை; எனக்கு அவரைப் பிடிக்கும்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனால் நேற்று உங்கள் அறிக்கை வந்தது. ‘அளப்பவர் கோணலைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார், வயதும் கவனக்குறைவும் காரணமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கை அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கண்ணே, மனுஷன்னா தப்பு வரத்தானே செய்யும்" என்று என்னையே தேற்றினாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நான் எதையும் தவறவிடவில்லை ஐயா. அன்று மாலை மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் பதினொன்றரைதான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். திருத்திய பிரதி ஒன்றை என் தங்கைக்கும் அனுப்புங்கள். அண்ணன் தப்பாக அளந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.