பேத்தமங்கலம் ஏரியில் ஒரு வேட்டு

கோடையில் மீன் விடியற்காலையில்தான் கடிக்கும். வெயில் ஏறினால் அடிச்சேற்றுக்குப் போய்விடும். இது தெரியாமல் பேத்தமங்கலம் ஏரிக்கு வருகிறவர்களே அதிகம். துரைமார்கள் உச்சிவெயிலில் படகேறி, பாட்டில்களைத் திறந்து, ஒரு கெண்டையைக்கூடப் பார்க்காமல் திரும்புவார்கள். அவர்களை மன்னிக்கலாம், தண்ணீரைக் கெடுப்பதில்லை.

தங்கவேலு கெடுத்தான். சுரங்கத்தில் பாறைக்கு வேட்டு வைப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி சம்பங்கியோடு வந்து, டைனமைட் குச்சியில் திரி செருகிப் பற்றவைத்து ஏரிக்குள் எறிவான். மீன்கள் வயிறு தெரிய மிதக்கும். அவள் கூடையில் அள்ளுவாள். இதற்கு மீன்பிடிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குச்சி, ஷிப்டில் கொடுத்ததில் அவன் மிச்சம் பிடித்து மடியில் மறைத்துக் கொண்டுவந்தது. திரிக்கு மட்டும் சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கு ரைட்டரான என்னிடம் வருவான்.

ஒருநாள் நான் கரையில் தூண்டில் போட்டிருந்தபோது, என் காலிக் கூடையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா ரைட்டரே, மீனு தானா வந்து சலாம் வைக்கும்னு குந்திக்கினு கீறீங்களா?"

"சும்மா இருய்யா. பாவம், அவுரு பொஸ்தகம் பாத்துப் புடிக்கிறாரு" என்றாள் சம்பங்கி.

அவன் இரண்டு கெளுத்தியை என் கூடையில் போட்டான். "வூட்ல அம்மா கேட்டா நீங்க புட்சதுன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். என் மனைவி பியாட்ரிஸ் பொரித்து, பெருமையாகப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். இதற்காக நான் கோபப்பட்டேன் என்று தாங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அவனிடம் கடிகாரம் கிடையாது. திரி எரியும் நேரத்தை ஒரு கும்மிப் பாட்டைப் பாடித்தான் அளப்பான். சுரங்கத்தில் பாடிக்கொண்டே விலகிப் போவான். ஏரியில், சீக்கிரம் எறிந்தால் மீன் கலைந்துவிடும் என்று, பாட்டு முடியப்போகும்வரை குச்சியைக் கையிலேயே வைத்திருப்பான்.

கிடங்கில் ஒரு சுருள் திரி கிடந்தது. பார்வைக்கு எல்லாத் திரியும் போலத்தான். வேகமாக எரிகிறது, அழித்துவிடு என்று துரை ஒதுக்கியது. கிடங்குக்குப் பின்னால், அவன் செருகும் அளவுக்கு ஒரு முழம் பற்றவைத்து, அந்தப் பாட்டை நானே பாடிப் பார்த்தேன். எனக்குக் குரல்வளம் இல்லை. இருந்தாலும், பாதிப் பாட்டிலேயே நெருப்பு மறுமுனைக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்து கேட்டான். கொடுத்தேன்.

"வழக்கமான திரிதானே ரைட்டரே?"

"அதேதான்."

மறுநாள் கரையில் பற்றவைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தபடி பாட ஆரம்பித்தான். சம்பங்கி கூடையோடு அவனை ஒட்டி நின்றாள். அவனோடு அவளும் போய்ச்சேருவாள் என்பது என் யோசனையில் இருக்கவில்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் புரிந்தது. எறி என்று ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் அப்போதுதான் என் தூண்டில் தக்கை லேசாக அசைந்தது. அந்தச் சமயத்தில் கரையிலிருந்து கத்துவது நாகரிகம் அறியாதவர்களின் வழக்கம்.