பொதுச்சுவரில் ஒட்டிய பலகை

ஃபோம் வைத்து ஒட்டிய ஜிப்சம் பலகையை முழுதாகக் கழற்ற முடியாது, மேடம். உங்கள் போலீஸ் ஆட்கள் என் பின்னறைச் சுவரில் கடப்பாரை போட்டதாகச் சொன்னார்கள். பாதிப் பலகை கையோடு வந்திருக்கும், பாதி சுவரிலேயே நின்றிருக்கும், பழைய பூச்சும் சேர்ந்து பெயர்ந்து தரையெல்லாம் கொட்டியிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொல்லியிருப்பேன். போகட்டும். பின்னால் எதையாவது ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்தீர்கள்போல. அங்கே காய்ந்த நுரையைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது.

டீ கொடுத்ததற்கு நன்றி. நேற்று நான் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் நீங்களும் வீட்டுக்குப் போகலாம், நானும் கொஞ்சம் படுக்கலாம்.

பலகை ஒட்டுகிற வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ஹாலிஃபாக்ஸைச் சுற்றிச் சரிவுகளில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு உள்சுவர் என் கைதான். முன்பெல்லாம் பக்கெட்டில் மாவைக் கரைத்து, கரண்டியால் சுவரில் அப்பி அப்பி ஒட்டுவோம். என் வலது தோள்பட்டை போனது அப்படித்தான். பிறகு ஃபோம் வந்தது. சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, துப்பாக்கியால் பலகையின் முதுகில் கோடு கோடாக நுரையை விட்டு, கொஞ்சம் பொறுத்து, சுவரோடு வைத்து அழுத்தி ரசமட்டம் பார்த்தால் வேலை முடிந்தது. சகதி கிடையாது, சுமக்கிறது கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சோம்பேறிப் பசை என்று கிண்டல் செய்வார்கள். என் வயதில் அந்தப் பெயர் வாங்குவதில் எனக்கு வருத்தமே இல்லை.

பக்கத்து வீட்டு வில்ஃப் ஹோல்ராய்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியவர். எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி வரிசையாக இருக்கும். அவர் குளிர்காய நெருப்பு போடுகிற கணப்பும் எங்களுடைய கணப்பும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இந்தப் பக்கத்து ஊர்களில் டெலிபோன் வருவதற்கு முன்னாலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து அவசரம் என்றால் கணப்புக் கிளறுகிற கம்பியை எடுத்துச் சுவரில் மூன்று தட்டு. கேட்டவர் திருப்பி இரண்டு தட்டுவார். வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நீங்கள் தெற்கே இருந்து வந்தவர், அதனால் சொல்கிறேன். இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் மனைவி பெரில் இருந்தவரைக்கும் பதில் தட்டுவது, ஓடுவது எல்லாம் அவள்தான். அவள் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சாகும்போதுகூட, "டெரிக், வில்ஃபை விட்டுடாதப்பா. அவருக்கு ஆளில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் ஆளில்லாமல் போகிறதே என்று அவள் யோசித்த மாதிரி தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

அவர் நல்ல மனிதர். அதை யாரும் மறுக்க முடியாது. லீட்ஸில் இருக்கிற மகள் ஜூடித், கழுத்தில் தொங்கவிட்டு அமுக்கினால் ஆள் வருகிற ஒரு பொத்தானை வாங்கி வந்தாள். அவர் அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி எனக்கு எதுக்கும்மா இது? சுவத்துக்கு அந்தப் பக்கம் டெரிக் இருக்கான். தட்டினா வந்து நிப்பான்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஜூடித் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன்.

ஆனால் ஆபத்து அவசரம் என்பது நாளாக ஆக என்னென்னவோ ஆயிற்று. ஜாம் பாட்டில் மூடி திறக்கவில்லை, மூன்று தட்டு. டிவியில் படம் வரவில்லை, மூன்று தட்டு. பல்பு போய்விட்டது. பேப்பரில் குறுக்கெழுத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாளெல்லாம் பலகை தூக்கிவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருப்பேன். அப்போது பார்த்துத் தட்டுவார். போனால், "வாடா ராசா, ஒண்ணுமில்ல, நீ இருக்கியான்னு பாத்தேன்" என்பார். சிரிப்பார். பிஸ்கெட் கொடுப்பார். நான் உட்கார்ந்து அந்த பிஸ்கெட்டைத் தின்ன வேண்டும். எனக்கு அழுகையே வரும், மேடம். ஒரு மனுஷன் இவ்வளவு களைத்துப்போக முடியும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

போன ஏப்ரலில்தான் அந்தச் சுவருக்குப் பலகை போட்டேன். வேலையிடத்தில் மிஞ்சியது நாலு பலகை, ஃபோம் டப்பாக்கள் கொஞ்சம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கணப்பையும் மூடி, சுவர் முழுக்க ஒட்டி முடித்துவிட்டேன். குளிருக்காகப் போடுகிறேன் என்று வில்ஃபிடம் சொன்னேன். அவர் கொல்லைச் சுவருக்கு மேலே எனக்கு டீயும் ரொட்டியும் நீட்டினார். "நல்லா ஒட்டுடா, உன் கைவேலைய நான் பாக்க முடியாது, இருந்தாலும் என் சுவருக்கும் ஒரு கோட்டு போட்டுவிட்ட மாதிரிதான?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் தட்டினார். நான் பதில் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றார், செருப்புகூடப் போடாமல்.

"என்னடா, செவிடாயிட்டியா? எவ்வளவு நேரமா தட்டுறேன்."

"பலகை போட்டேன்ல பெரியவரே. சத்தம் அமுங்கிப்போச்சு."

"அட அப்படியா? அப்ப நான் ஓங்கித் தட்டுறேன். கேட்டுச்சுன்னா நீ பாட்டுக்கு ரெண்டு தட்டு தட்டிடு. நீ மெதுவா வா, அவசரமே இல்ல. கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியாம இருக்கிறதுதான்டா கஷ்டம். பதில் வந்திடுச்சுன்னா நான் நிம்மதியா உக்காந்திருப்பேன்."

இதையும் அவரே சொல்லிக்கொடுத்தார், பாருங்கள். அதற்குப் பிறகு அவர் தட்டினால் கையை எட்டி இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் கோபிக்க மாட்டார். சில நாள் காலையில்தான் போவேன். "வந்துட்டியா, எதுக்குக் கூப்பிட்டேன்னே மறந்துபோச்சு" என்பார். அவருக்கு வேண்டியிருந்தது நான் அல்ல, அந்த இரண்டு தட்டுதான் என்று எனக்குப் புரிந்தது. அந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைத்தது.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பலகை போட்டதால்தான் கேட்கவில்லை என்று நான் சொன்னதும், உங்களுக்குத் தெரிந்த கட்டட ஆள் அப்படிச் சொல்லவில்லையே என்றீர்கள். அவர் சொன்னது சரி. சத்தம் வரக் கூடாது என்றால் சுவரைத் தொடாமல் தள்ளிச் சட்டம் அடித்து, உள்ளே பஞ்சு அடைத்து, அதன் மேல் பலகை போட வேண்டும். ஃபோமில் ஒட்டினால் பலகை சுவரோடு கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நுரைக் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கும். அந்தப் பக்கம் தட்டினால் இந்தப் பக்கம் மத்தளம் மாதிரி அதிரும். முன்பைவிட நன்றாகவே கேட்டது. அவர் கம்பியைக் கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தெரிந்தவன் எதற்காக அப்படி ஒட்டினாய் என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? எனக்குச் சத்தம் கேட்காமல் இருப்பதற்காக அதை ஒட்டவில்லை. யாராவது கேட்டால் கையைக் காட்டுவதற்கு ஒரு பலகை வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பலகை என்றால் சத்தம் வராது. ஜூடித் அப்படித்தான் நம்பினாள். நீங்களும் நேற்று மத்தியானம் வரைக்கும் நம்பினீர்கள்.

சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி, வெளியே ஆலங்கட்டி மழை. ரேடியோவில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தோள்பட்டைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தேன். மூன்று தட்டு கேட்டது. எப்போதும் பலகையில் என் தலை உயரத்துக்கு வருகிற சத்தம், அன்றைக்குத் தரையை ஒட்டிக் கீழே வந்தது. எழுந்து போய்ப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்கும் கீழே அதிர்ந்தது. நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ தட்டுகிறவர் அந்த இடத்தில் தட்ட முடியாது. விழுந்து கிடக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் வீட்டுச் சாவி என் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்கவும் செய்தேன். கோட்டை மாட்ட வேண்டும், பூட்ஸ் போட வேண்டும், அவரைத் தூக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் விடிய விடிய உட்கார வேண்டும். குணமாகி வந்தால் அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவார்? இதையெல்லாம் நின்றுகொண்டு யோசித்தேன். கோபமெல்லாம் இல்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு டோரீன் கொடுத்த வாக்குமூலத்தை இன்று காலையில் படித்துக் காட்டினீர்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பிங்கோ ஆடப் போகிற வழியில், வில்ஃப் வீட்டில் விளக்கே எரியவில்லையே என்று கதவில் தபால் போடுகிற ஓட்டை வழியாகக் குரல் கொடுத்தாளாம்.

"வில்ஃப், என்ன இருட்டுல கெடக்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. டெரிக் வந்துக்கிட்டிருக்கான். பதில் தட்டிட்டான். நீ கெளம்பு, ஆட்டம் ஆரம்பிச்சிடப் போவுது."

அவளும் போய்விட்டாள். தப்பு சொல்ல முடியாது. தன்னை அந்தக் கோலத்தில் ஒரு பெண்பிள்ளை பார்க்க அவர் விட்டிருக்க மாட்டார். என்னைத்தான் விடுவார். அவள் அழுதுகொண்டே இதைச் சொன்னதாகச் சொன்னீர்கள். கதவை உடைத்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாளாம். அவளிடம் அப்படியெல்லாம் நினைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கிழவருக்கு நினைவு தடுமாறியிருக்கலாம், பதில் வந்ததாக அவராகவே கற்பனை பண்ணியிருக்கலாம் என்று நீங்களே எனக்கு ஒரு வழி விட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அவருக்குத் தடுமாற்றம் ஒன்றும் இல்லை. அதுதான் நான் சொல்ல வந்த திருத்தம்.

நான் தட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் தட்டினேன், அவர் அடங்கினார், நான் தூங்கினேன். எழுந்தபோது மறுபடி தட்டினார், மறுபடி பதில் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தட்டில் பலம் இல்லை. கம்பி நழுவி விழுகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்கும் பதில் தட்டினேன். சாயங்காலத்துக்கு மேல் அவர் தட்டவில்லை. திங்கட்கிழமை காலையில் டோரீன் வந்து கூப்பிட்டபோது சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தவன் நான்தான். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, கணப்பு அணைந்திருந்தது. முதல் நாளே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். அவர்கள் படித்தவர்கள்.

வில்ஃபைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரைத் தவிக்க விட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த இரண்டு நாளும் அவர் தட்டி நான் பதில் தட்டாமல் இருந்தது ஒரு தடவைகூடக் கிடையாது. டெரிக் வருகிறான் என்ற நிம்மதியோடுதான் போனார். அந்த விஷயத்தில் பெரிலுக்குக் கொடுத்த வார்த்தையை நான் காப்பாற்றியிருக்கிறேன்.